கேஷ் லைட்: கோப்பில் கேஷ் வைப்பது எப்படி, எங்கெங்கே மாட்டிக்கொள்வோம்

பக்கம் திறக்க மூன்று நொடி ஆகிறது. டேட்டாபேஸ் திணறுகிறது. நினைவகத்தில் கேஷ் வைக்கும் ரெடிஸ், மெம்கேஷ்ட் மாதிரி எதையும் நிறுவ சர்வரில் அனுமதி இல்லை. இப்படி ஒரு நிலையில்தான் நான் கேஷ் லைட்டைத் தேடிப் போனேன். பிஎச்பிக்கான சின்ன நூலகம் அது, பியர் (பிஎச்பி நூலகங்களின் பழைய களஞ்சியம்) தொகுப்புகளில் ஒன்று. பின்னணியில் தனியாக எந்த சர்வீசும் ஓட வேண்டியதில்லை. ஒருமுறை கஷ்டப்பட்டுத் தயாரித்த விடையைக் கோப்பில் எழுதி வைக்கும், அடுத்த முறை அந்தக் கோப்பையே படித்துக் கொடுக்கும்.

நிறுவி ஓடவிட அரை மணி நேரம் போதும். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று எனக்கு உறுதியாக இரண்டு வாரம் பிடித்தது. கோப்புக் கேஷ் தோற்றால் சத்தம் போடாது. பக்கம் வழக்கம்போல் வரும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது, வேகம் மட்டும் கூடியிருக்காது. அதனால் கீழே முக்கியமான இடங்களில், செய்தது பலித்ததா என்று கண்ணால் பார்க்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன். நிரலை வரி வரியாகக் கொடுக்கவில்லை. எது எதற்கு என்று புரிந்துவிட்டால் நீங்களே எழுதிவிடலாம்.

1. கை வைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தாள். உங்கள் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்: மெனு, புதிய கட்டுரைப் பட்டியல், அதிகம் படிக்கப்பட்டவை, பக்கவாட்டுப் பெட்டி, அடிப்பகுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் வேண்டும். தயாராக எத்தனை மில்லிநொடி ஆகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, ஆளுக்கு ஆள் மாறுமா.

முதல் குறிப்பை ஊகித்து எழுதாதீர்கள். அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் மைக்ரோடைம் (நேரத்தைத் துல்லியமாகத் தரும் பிஎச்பி ஃபங்ஷன்) வைத்து அளந்து பாருங்கள். நான் எல்லாவற்றுக்கும் கேஷ் போடத் துடித்தேன். அளந்து பார்த்தபோது மொத்த நேரத்தில் பெரும்பகுதியை இரண்டே இரண்டு துண்டுகள்தான் தின்றுகொண்டிருந்தன. சில மில்லிநொடியில் முடிகிற வேலைக்குக் கேஷ் போட்டால், கோப்பைத் திறந்து படிக்கும் செலவும் பராமரிக்கும் தலைவலியும்தான் மிச்சம்.

சர்வர் பற்றி மூன்று தகவல்கள் வேண்டும். பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது? (உபுண்டு, டெபியனில் பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. பகிர்வு ஹோஸ்டிங்கில் பல இடங்களில் உங்கள் கணக்கின் பெயரே.) வெப் ரூட்டுக்கு (உலாவியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியும் கோப்புறைக்கு) வெளியே எழுத உங்களுக்கு எந்தக் கோப்புறை இருக்கிறது, அதன் முழுப் பாதை என்ன? மூன்றாவது, ஐனோட் வரம்பு, அதாவது எத்தனை கோப்புகள் வைத்துக்கொள்ள அனுமதி. வட்டில் எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்பார்கள், ஐனோடைக் கேட்க மறந்துவிடுவார்கள். கோப்புக் கேஷ் முதலில் முட்டுவது அங்கேதான்.

2. நிறுவுதல்

கம்போசர் (பிஎச்பி நூலகங்களை நிறுவும் கருவி) இருந்தால் பியர்/கேஷ்_லைட் என்ற தொகுப்பைச் சேருங்கள். பழைய சர்வரில் பியர் நிறுவியே இருந்தால் அதிலும் வரும். நூலகம் இலவசம், எல்ஜிபிஎல் உரிமம். வணிகத் தளத்தில் பயன்படுத்தவும் தடையில்லை. நீங்கள் ஓட்டும் பிஎச்பி பதிப்பில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஏறுகிறதா என்று சோதனைத் தளத்தில் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

3. கோப்புறை: அதிக நேரம் இங்கேதான் போகும்

எதுவும் சொல்லாவிட்டால் கேஷ் லைட் தன் கோப்புகளை டிஎம்பி கோப்புறையில் எழுதும். அதை அப்படியே விடாதீர்கள். அது எல்லோருக்கும் பொதுவான இடம். சர்வரே அவ்வப்போது அதைச் சுத்தம் செய்யும், அதே சர்வரில் இருக்கும் வேறு கணக்குகளும் அங்கே எழுதும். வெப் ரூட்டுக்கு வெளியே தனிக் கோப்புறை உருவாக்கி, அதன் உரிமையாளராக பிஎச்பி ஓடும் பயனரையே வைத்து, அனுமதியை 700 (உரிமையாளருக்கு மட்டும்) என்று அமையுங்கள். அவசரத்துக்கு 777 (யாரும் எழுதலாம்) போடத் தோன்றும், போடாதீர்கள். பின்னால் சொல்லப்போகும் சீரியலைசேஷனோடு (அரே, ஆப்ஜெக்டைச் சரமாக மாற்றிச் சேமிப்பது) அது சேர்ந்தால், வெளியாள் எழுதி வைத்த கோப்பை உங்கள் நிரல் நம்பிப் பிரித்துப் படிக்கும் நிலை வரும். அது தளத்தையே கைப்பற்ற வழிவிடும் ஓட்டை.

பாதையைக் கொடுக்கும்போது கடைசியில் சாய்கோடு கட்டாயம். கேஷ் லைட் பாதையையும் கோப்பின் பெயரையும் அப்படியே ஒட்டிவிடும். சாய்கோடு இல்லாவிட்டால் 'தளம்' என்ற கோப்புறைக்குள் போக வேண்டியவை, அதற்கு ஒரு படி மேலே 'தளம்கேஷ்_...' என்று தொடங்கும் பெயரில் போய் விழும். கோப்புறை காலியாக இருக்கிறதே என்று குழம்பினால் முதலில் மேல் கோப்புறையைப் பாருங்கள்.

அடுத்தது என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம். தினமும் விடியற்காலையில் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடுவது) முக்கியமான துண்டுகளை முன்கூட்டியே தயாரித்துக் கேஷில் வைக்கும்படி செய்திருந்தேன். காலையில் தளம் பறக்கும். கோப்புறையில் கோப்புகளும் இருந்தன. சரி, முடிந்தது வேலை என்று விட்டுவிட்டேன். மதியம் ஆனதும் மந்தம். பல நாள் தேடிய பிறகு, கோப்புகளின் உரிமையாளர் பெயரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. எல்லாமே என் கணக்கின் பெயரில் இருந்தன, சர்வர் பயனர் எழுதியது ஒன்றுகூட இல்லை. கோப்புறை எனக்குச் சொந்தம். கிரான் எழுதியதை வெப் சர்வரால் படிக்க மட்டும் முடிந்தது. ஆயுள் (கேஷ் கோப்பு செல்லுபடியாகும் நேரம்) முடிந்ததும் புதிதாக எழுத முடியவில்லை. எழுத முடியாதபோது, கேஷில் எழுதும் ஃபங்ஷனான சேவ், ஃபால்ஸ் என்று மட்டும் திருப்பித் தரும். நானோ அந்த விடையைக் கவனிக்கவே இல்லை.

எனவே மூன்று காரியம் செய்யுங்கள். சேவ் தரும் விடையைச் சோதித்து, ஃபால்ஸ் வந்தால் லாகில் ஒரு வரி எழுதுங்கள். கிரான் வேலையை பிஎச்பி ஓடும் அதே பயனர் பெயரில் ஓட்டுங்கள், அல்லது கிரானிலிருந்து அந்தப் பக்கத்தின் முகவரியை அழையுங்கள், அப்போது வெப் சர்வரே எழுதிக்கொள்ளும். மூன்றாவது, கோப்புறைக்குள் போய் உரிமையாளர் பெயரையும் கோப்பின் நேரத்தையும் கண்ணால் பாருங்கள். கோப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது.

4. அமைப்புகள்: எதைத் தொடுவது, எதை விட்டுவிடுவது

ஃபைல்லாக்கிங், ரீட்கன்ட்ரோல், ரைட்கன்ட்ரோல் மூன்றும் இயல்பிலேயே இயக்கத்தில் இருக்கும். அப்படியே விடுங்கள். இருவர் ஒரே நேரத்தில் எழுதினாலோ எழுதுவது பாதியில் நின்றுபோனாலோ கெட்டுப்போன பக்கம் வாசகருக்குப் போகாமல் தடுப்பவை இவைதான். ரீட்கன்ட்ரோல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கேஷ் கோப்பை எடிட்டரில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் வெற்றிடங்கள், அவற்றின் முடிவில் ஒரு எண், அதை ஒட்டியே உங்கள் எச்டிஎம்எல். அந்த முதல் 32 எழுத்துகள்தான் சரிபார்ப்புக் குறி. படிக்கும்போது உள்ளடக்கத்தின் சிஆர்சி32 அந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், கோப்பே இல்லாத மாதிரி நடந்துகொள்ளும். அதனால் கேஷ் கோப்பைக் கையால் திருத்திச் சோதிக்கலாம் என்று நினைக்காதீர்கள், திருத்திய உடனே அது செல்லாது.

ஃபைல்நேம்புரொடக்ஷனையும் அணைக்காதீர்கள். அது இருந்தால் கோப்பின் பெயர் 'கேஷ்_', குழுவின் எம்டி5, ஓர் அடிக்கோடு, ஐடியின் எம்டி5 என்று அமையும். (ஐடி என்பது துண்டின் அடையாளப் பெயர், குழு என்பது பல ஐடிகளைச் சேர்த்து வைக்கும் பெயர், எம்டி5 என்பது எந்தப் பெயரையும் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட ஒரு குறியாக மாற்றுவது.) ஐடியில் சாய்கோடு வந்தாலும் கேள்விக்குறி வந்தாலும் கவலையில்லை.

நீங்கள் மாற்ற வேண்டியவை கேஷ்டிர் (கோப்புறையின் பாதை), லைஃப்டைம் (ஆயுள்), தேவைப்பட்டால் ஆட்டோமேட்டிக்சீரியலைசேஷன். கடைசியாகச் சொன்னது இயல்பில் அணைந்திருக்கும். சரத்தை மட்டும் சேமிப்பதானால் அப்படியே இருக்கட்டும். அரே, ஆப்ஜெக்ட் சேமிக்க வேண்டுமானால் இயக்குங்கள். என் கருத்து, முடிந்தவரை தயாரான எச்டிஎம்எல் சரத்தையே சேமியுங்கள். அரேயைச் சேமித்தால் டேட்டாபேஸ் செலவு மிச்சமாகும், ஆனால் அதை எச்டிஎம்எல்லாக மாற்றும் வேலை ஒவ்வொரு முறையும் பாக்கி இருக்கும்.

இன்னொன்று, கேஷிங் என்ற அமைப்பு. உங்கள் சொந்தக் கணினியில் வேலை செய்யும்போது இதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்தியது ஏன் தெரியவில்லை என்று நல்ல நிரலைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பீர்கள்.

5. எடு, இல்லையென்றால் தயாரி, சேமி

அடிப்படை முறை மூன்று வரிதான். ஐடியையும் குழுவையும் கொடுத்து கெட் (கேஷிலிருந்து எடுக்கும் ஃபங்ஷன்) கேளுங்கள். ஃபால்ஸ் வந்தால் துண்டைத் தயாரித்து சேவ் செய்யுங்கள். பிறகு காட்டுங்கள். இந்த மூன்று வரிக்குள் நான்கு குழிகள் இருக்கின்றன.

முதல் குழி, ஒப்பீடு. 'கெட் கொடுத்தது உண்மையா' என்று சும்மா இஃப் போட்டால், கேஷில் இருப்பது வெற்றுச் சரமாகவோ '0' ஆகவோ இருக்கும்போது பிஎச்பி அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மறுபடி தயாரிக்கும். '=== ஃபால்ஸ்' என்று மூன்று சமன்குறி போட்டுச் சோதியுங்கள். அதே காரணத்தால், சீரியலைசேஷன் இயங்கும்போது ஃபால்ஸ் என்ற மதிப்பையே கேஷில் வைக்காதீர்கள். அது விடையா, விடை இல்லை என்பதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

இரண்டாவது குழியில் நான் இரண்டு நாள் கிடந்தேன். கெட் கேட்கும்போது 'செய்திகள்' என்று குழுவைக் கொடுத்தேன். சேவ் செய்யும்போது தரவையும் ஐடியையும் மட்டும் கொடுத்தேன். குழு கொடுக்காவிட்டால் சேவ் அதை 'டிஃபால்ட்' குழுவில் எழுதிவிடும். செய்திகள் குழுவில் தேடுகிறேன், டிஃபால்ட் குழுவில் எழுதுகிறேன். எழுதுவது ஒவ்வொரு முறையும் வெற்றி, தேடுவது ஒவ்வொரு முறையும் தோல்வி! குழுவின் பெயரை ஒரு மாறியில் வைத்து, இரண்டு இடத்திலும் அதே மாறியைக் கொடுங்கள்.

மூன்றாவது குழி இதற்கு நேர் எதிர். சேவுக்கு ஐடியே கொடுக்காவிட்டால், கடைசியாகக் கேட்ட கெட்டின் ஐடியை அது எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் இடையில் நீங்கள் அழைத்த ஏதாவது ஃபங்ஷன் அதே ஆப்ஜெக்டில் வேறொன்றைக் கேட்டிருந்தால், பக்கவாட்டுப் பெட்டியின் கோப்பில் முகப்புப் பட்டியல் போய் உட்காரும். எப்போதும் தரவு, ஐடி, குழு மூன்றையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, தோல்வியைச் சேமிப்பது. டேட்டாபேஸ் ஒரு நொடி தடுமாறியது, பட்டியல் காலியாக வந்தது, அந்தக் காலிப் பட்டியல் ஒரு மணி நேரத்துக்குக் கேஷில் உட்கார்ந்தது. டேட்டாபேஸ் எழுந்த பிறகும் தளம் காலியாகவே தெரியும். துண்டு சரியாகத் தயாரானது என்று உறுதியான பிறகே சேவ் செய்யுங்கள்.

இதிலேயே ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. ஆயுள் முடிந்த கோப்பு தானாக அழிவதில்லை. கெட்டின் மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால், ஆயுளைப் பார்க்காமல் பழைய நகலையே எடுத்துக் கொடுக்கும். டேட்டாபேஸ் விழுந்த நேரத்தில் பிழைப் பக்கத்துக்குப் பதிலாக நேற்றைய பட்டியலைக் காட்டலாம். நான் இதைப் போட்டு வைத்த பிறகு, சின்னச் சின்னத் தடங்கல்கள் வாசகர்கள் கண்ணில் படுவதே இல்லை.

எக்கோ செய்தே பழகிய பழைய நிரலானால் கேஷ்_லைட்_அவுட்புட் என்ற துணை வகுப்பைப் பாருங்கள். ஸ்டார்ட், எண்ட் இரண்டுக்கும் நடுவில் அச்சாவதை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

6. ஐடி வைப்பது

துண்டின் தோற்றத்தை எதெல்லாம் மாற்றுமோ அதெல்லாம் ஐடியில் இருக்க வேண்டும். மொழி, பக்க எண், வகை, கைபேசிக்குத் தனி வடிவம் இருந்தால் அதுவும். எதெல்லாம் மாற்றாதோ அதெல்லாம் இருக்கக் கூடாது.

பக்கத்தின் முழு முகவரியையே ஐடியாக வைப்பது எளிது, ஆபத்தும் அதுதான். விளம்பரத்திலிருந்து வருபவரின் முகவரியில் யுடிஎம் குறிகள் (எங்கிருந்து வந்தார் என்று கண்காணிப்பவை) ஒட்டிக்கொண்டு வரும். ஒரே பக்கத்துக்கு நூறு கோப்புகள் சேரும். உங்களுக்குத் தெரிந்த அளவுருக்களை மட்டும் பொறுக்கி எடுத்து, வரிசைப்படுத்தி ஐடி செய்யுங்கள். தேடல் முடிவுகளுக்குக் கோப்புக் கேஷ் போடவே வேண்டாம் என்பேன். யார் எதைத் தட்டச்சு செய்தாலும் அதற்கு ஒரு கோப்பு என்றால் அதற்கு முடிவே இல்லை.

7. ஆயுள் எவ்வளவு

லைஃப்டைம் நொடிக் கணக்கு. இயல்பில் 3600, அதாவது ஒரு மணி நேரம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, ஆயுள் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. படிப்பவர்தான் கோப்பின் நேரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். 300 நொடி ஆயுளோடு ஓர் ஆப்ஜெக்ட், 86400 நொடியோடு இன்னொன்று என்று வைத்திருந்தால், ஒரே கோப்பு முதலாவதுக்குப் பழையதாகவும் இரண்டாவதுக்குப் புதியதாகவும் இருக்கும். ஆயுளுக்கு ஏற்ப ஆப்ஜெக்டையும் குழுவையும் பிரித்து வையுங்கள்.

நான் வைத்திருப்பது: மெனு, அடிப்பகுதிக்கு ஒரு நாள். அதிகம் படிக்கப்பட்டவைக்கு ஒரு மணி நேரம். புதிய கட்டுரைப் பட்டியலுக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் குறைவாகத் தோன்றலாம். நொடிக்கு ஒருவர் வந்தாலே 300 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் டேட்டாபேஸ் வேலை செய்கிறது. நீண்ட ஆயுள் வைத்துப் பழைய செய்தி காட்டுவதைவிட இது நிம்மதி.

8. எதைக் கேஷில் வைக்கவே கூடாது

ஒரு வாசகர் உள்நுழைந்து பார்த்தபோது மேலே வேறொருவருடைய பெயர் தெரிந்ததாகச் சொன்னார். முழுப் பக்கத்தையும் ஒரே துண்டாகக் கேஷ் செய்திருந்தேன். ஆயுள் முடிந்த பிறகு முதலில் வந்தவர் உள்நுழைந்தவராக இருந்ததால், அவருடைய பெயரோடு பக்கம் உறைந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் வந்த அனைவருக்கும் அந்தப் பெயர்தான். பெயரோடு போனது. கணக்கு விவரமோ முகவரியோ அதில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

உள்நுழைந்தவரின் பெயர், கூடையில் உள்ள பொருள்கள், அறிவிப்பு எண்ணிக்கை, படிவங்களுக்குள் ஒளிந்திருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவத்தை அனுப்புவது அந்த ஆள்தான் என்று சரிபார்க்கும் குறி), இவை எதுவும் பொதுக் கேஷுக்குள் போகக் கூடாது. டோக்கன் போய்விட்டால் படிவம் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் 'செல்லாது' என்று வரும், காரணம் கண்டுபிடிக்க நாளாகும். முழுப் பக்கத்தைக் கேஷ் செய்யத்தான் வேண்டும் என்றால், உள்நுழைந்தவர்களுக்குக் கேஷையே தொடாத மாதிரி முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள்.

பலித்ததா என்று பார்க்க இரண்டு உலாவிகளில் இரண்டு கணக்கோடு உள்நுழையுங்கள், மூன்றாவதில் உள்நுழையாமல் இருங்கள். கேஷை அழித்துவிட்டு மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

9. வட்டுச் செலவு

காசு செலவு இல்லை, ஆனால் இடச் செலவு உண்டு. பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் கோப்பு எவ்வளவு சிறியதானாலும் 4096 பைட் கொண்ட ஒரு கட்டத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும். 600 பைட் துண்டுகள் ஒரு லட்சம் சேர்ந்தால் 60 எம்பி என்று கணக்குப் போடுவோம், வட்டில் 400 எம்பி போயிருக்கும். கூடவே ஒரு லட்சம் ஐனோட். ஐனோட் தீர்ந்தால் வட்டில் இடம் இருந்தும் புதுக் கோப்பு எழுத முடியாது, செஷன் கோப்பு உட்பட. அப்புறம் யாரும் உள்நுழையவே முடியாது. டிஎஃப் கட்டளைக்கு -ஐ சேர்த்துக் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

பழைய கோப்புகளை அகற்ற இரண்டு வழி. ஆட்டோமேட்டிக்கிளீனிங்ஃபேக்டரை 200 என்று வைத்தால், ஏறத்தாழ 200 முறை எழுதினால் ஒருமுறை நூலகமே கோப்புறையைக் கூட்டிப் பெருக்கும். 1 என்று வைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு முறை எழுதும்போதும் முழுக் கோப்புறையையும் புரட்டும். இரண்டாவது வழி, நடமாட்டம் குறைந்த நேரத்தில் கிரான் மூலம் கிளீனை (கேஷ் கோப்புகளை மொத்தமாக அழிக்கும் ஃபங்ஷன்) 'ஓல்டு' முறையில், அதாவது ஆயுள் முடிந்தவற்றுக்கு மட்டும், ஓட்டுவது. நான் இதைத்தான் விரும்புகிறேன், வாசகர் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்யும் ஆப்ஜெக்டின் லைஃப்டைமைக் கவனியுங்கள். அது 3600 என்றால், ஒரு நாள் இருக்க வேண்டிய மெனுவையும் சேர்த்தே அழித்துவிடும். டேட்டாபேஸ் விழுந்தால் காட்டப் பழைய நகல் வேண்டும் என்றால் இன்னும் தாராளமாக, மூன்று நான்கு நாள் வையுங்கள்.

கோப்புகள் பல ஆயிரம் ஆனால் ஹேஷ்ட்டைரக்டரிலெவலை 1 ஆக்குங்கள், 16 உட்கோப்புறைகளாகப் பிரியும். 2 என்றால் 256. இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். நடுவில் மாற்றினால் முன்பு எழுதிய கோப்புகளை அது தேடிப் போகாது, அவை அனாதையாகக் கிடக்கும்.

10. உள்ளடக்கம் மாறும்போது அழிப்பது

நிர்வாகப் பக்கத்தில் கட்டுரையைச் சேமித்த உடனே, அந்தக் கட்டுரையின் ஐடிக்கு ரிமூவ் (ஒரே ஒரு கோப்பை அழிப்பது), பட்டியல்கள் இருக்கும் குழுவுக்கு கிளீன். ஐடிகளைக் குழுவாகப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும். ஒரே குழுவில் எல்லாம் கிடந்தால் ஒரு எழுத்துப் பிழை திருத்தினாலும் முழுக் கேஷும் போய், அடுத்த நிமிடம் டேட்டாபேஸ் மேல் மொத்த பாரமும் விழும்.

புதிய டெம்ப்ளேட்டை சர்வரில் ஏற்றும்போதும் அழிக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது, ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாகவே எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் ஐடியின் முன்னால் ஒரு பதிப்பு எண் சேர்த்து வைத்து, ஒவ்வொரு வெளியீட்டிலும் அதைக் கூட்டுங்கள்.

11. எப்போது இதை விட்டு நகர்வது

சர்வர் இரண்டாகும் நாள். அப்போது இரண்டுக்கும் தனித்தனிக் கேஷ் இருக்கும். ஒன்றில் அழித்தது மற்றொன்றில் இருக்கும், வாசகர் பக்கத்தைப் புதுப்பிக்கும்தோறும் பழையதும் புதியதும் மாறி மாறி வரும். இரண்டுக்கும் பொதுவாக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும்) கோப்புறை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஃபைல்லாக்கிங் என்எஃப்எஸ்ஸில் வேலை செய்யாது என்று நூலகத்தின் ஆவணமே சொல்கிறது. அந்தக் கட்டத்தில் ரெடிஸ், மெம்கேஷ்ட் பக்கம் போய்விடுங்கள். கெட், சேவ், கிளீன் மூன்றையும் தொடக்கத்திலிருந்தே உங்கள் சொந்த ஃபங்ஷன் மூன்றுக்குள் பொதிந்து வைத்திருந்தால், மாற்ற வேண்டியது அந்த ஒரு கோப்பு மட்டும்தான்.